வடகிழக்கின் எட்டுத் தலைநகரங்கள்: ஷில்லாங்கிலிருந்து தொடங்கினால் விளங்கும்

வடகிழக்கு இந்தியாவில் எட்டு மாநிலங்கள். அசாமின் தலைநகர் திஸ்பூர், மேகாலயாவுக்கு ஷில்லாங், நாகாலாந்துக்கு கோஹிமா, மணிப்பூருக்கு இம்பால், மிசோரத்துக்கு அய்சால், திரிபுராவுக்கு அகர்தலா, அருணாசலப் பிரதேசத்துக்கு இட்டாநகர், சிக்கிமுக்கு காங்டாக். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை அட்டவணையாக மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்ததும் கோஹிமாவும் இம்பாலும் தலைக்குள் இடம் மாறிவிடும். அது படித்தவர்களின் தவறில்லை. எந்த ஊர் ஏன் தலைநகர் ஆனது என்பதைச் சொல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் யாருக்கும் நிற்காது.

தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இப்போது கூடியிருக்கிறது. அசாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் மிசோரத்திலிருந்தும் வந்தவர்கள் சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் வேலை செய்கிறார்கள், படிக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் 'நேபாளி' என்றோ 'வடக்கத்திக்காரர்' என்றோ ஒரே பெயரில் அழைப்பது நியாயமல்ல. ஒரு மிசோவுக்கும் அசாமியருக்கும் மொழி, மதம், உணவு, வரலாறு எல்லாமே வேறு. எந்த ஊர் என்று கேட்டு, அய்சால் என்று பதில் வந்தால், அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தபட்ச மரியாதை அதுதான்.

முதலில் வரைபடத்தைப் பார்த்துவிடுவோம். மேற்கு வங்கத்தின் வடக்கே சிலிகுரி அருகே இந்தியா ஒடுங்கி, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர் அகலத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு பக்கம் நேபாளம், மறுபக்கம் வங்கதேசம். அந்த இடைவெளியைத் தாண்டினால் நிலம் மறுபடி விரிகிறது. எட்டு மாநிலங்களும் சேர்ந்து நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 8 சதவீதம். மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் நாலரைக் கோடி, அதாவது தமிழ்நாட்டைவிடக் குறைவு. சுற்றிலும் பூட்டான், சீனா, மியான்மர், வங்கதேசம் என வெளிநாட்டு எல்லைகள்.

இந்த ஒடுக்கம் 1947-இல் உருவானது. அதற்கு முன்பு கொல்கத்தாவிலிருந்து இன்றைய வங்கதேசத்தின் வழியாக ரயிலும் படகும் நேராகப் போய்க்கொண்டிருந்தன. பிரிவினையில் கிழக்கு வங்கம் பாகிஸ்தானுக்குப் போனதும் அந்த வழிகளின் குறுக்கே ஒரு நாட்டின் எல்லை வந்துவிட்டது. இன்று வடகிழக்கு நமக்குத் 'தொலைவாக'த் தெரிவதற்கு மலைகளைவிட இந்த எல்லைக்கோடுதான் பெரிய காரணம்.

சரி, ஷில்லாங்குக்கு வருவோம். ஆங்கிலேயர்கள் பர்மாவுடன் செய்துகொண்ட 1826 யாண்டபோ உடன்படிக்கைக்குப் பிறகு அசாமைப் பிடித்து, வங்காளத்தோடு சேர்த்து ஆண்டார்கள். 1874-இல் அசாமைத் தனி மாகாணமாகப் பிரித்து ஷில்லாங்கைத் தலைமையிடமாக்கினார்கள். காசி இனத்தவர் வாழும் காசி மலைகளில் முன்பு ஆங்கிலேயருடைய அலுவலகம் சிரபுஞ்சியில் இருந்தது. அந்த மழையில் காலம் தள்ள முடியாமல் 1860-களில் ஷில்லாங்குக்கு மாறியிருந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், ஊட்டியைப் போலக் குளிர் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிட முக்கியமானது. அன்றைய அசாம் மாகாணத்துக்கு இரண்டு சமவெளிகள் இருந்தன. வடக்கே பிரம்மபுத்திரா, தெற்கே சில்ஹெட்டை உள்ளடக்கிய சுர்மா ஆற்றுச் சமவெளி. நடுவே இருக்கும் மலையில் ஷில்லாங். இரண்டு பக்கத்துக்கும் அது பொது.

1947-இல் சில்ஹெட்டில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரு சிறு பகுதி தவிர மீதி பாகிஸ்தானுக்குப் போனது. நடுவில் இருந்த தலைநகர் ஒரே நாளில் ஓரத்துக்கு வந்துவிட்டது. காசி மலைக்காரர்கள் தங்கள் ஆரஞ்சையும் வெற்றிலையையும் பாக்கையும் தலைமுறை தலைமுறையாக விற்ற சந்தைகள் எல்லைக்கு அப்பால் போயின.

இருந்தாலும் விடுதலைக்குப் பின் அசாமின் தலைநகராக ஷில்லாங்தான் தொடர்ந்தது. அன்றைய அசாம் என்பது இன்றைய அசாமோடு மேகாலயா, நாகாலாந்து, மிசோரம் மலைகளும் சேர்ந்த பெரிய நிலம். இன்றைய அருணாசலத்தை மத்திய அரசு தனியாக நிர்வகித்தாலும், அந்த நிர்வாகமும் ஷில்லாங்கில்தான் உட்கார்ந்திருந்தது. ஆக, இன்றுள்ள எட்டில் ஐந்து மாநிலங்கள் ஒரு காலத்தில் ஷில்லாங்கைப் பார்த்தே இருந்தன. மற்ற மூன்றும், அதாவது மணிப்பூர், திரிபுரா, சிக்கிம், மன்னராட்சியில் இருந்தவை. இந்த ஐந்து, மூன்று என்ற பிரிப்பை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வந்து உட்காரும்.

முதலில் பிரிந்தது நாகாலாந்து. நாகர்களின் தனிநாட்டுக் கோரிக்கை 1947-க்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆயுதப் போராட்டம், ராணுவ நடவடிக்கை, பேச்சுவார்த்தை என்று கடந்து, 1963 டிசம்பர் 1 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் கோஹிமாவில் புதிய மாநிலத்தைத் தொடங்கிவைத்தார். கோஹிமா ஏற்கெனவே நாகா மலை மாவட்டத்தின் தலைமையிடம். மாநிலத் தலைநகராவதற்கு முன்பே உலகம் அந்தப் பெயரைக் கேட்டது 1944-இல். பர்மா வழியாக வந்த ஜப்பானியப் படையின் நோக்கம் சமவெளியில் இருந்த திமாபூர் ரயில் நிலையத்தையும் பொருள் கிடங்குகளையும் பிடிப்பது. அதற்குக் கோஹிமா மலையைத் தாண்டியாக வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த சண்டையில், மாவட்டத் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தின் ஒருபுறம் ஜப்பானியப் படையும் மறுபுறம் பிரிட்டிஷ் இந்தியப் படையுமாகப் பதுங்கியிருந்தார்கள். அந்த இடமே இப்போது போர்க் கல்லறைத் தோட்டம். 1,400-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இன்றும் ரயிலும் விமான நிலையமும் இருப்பது திமாபூரில்தான், ஊரும் அதுதான் பெரியது. தலைநகர் என்றால் மாநிலத்தின் பெரிய ஊராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் சறுக்கும் இடம் இது.

அடுத்து மேகாலயா. 1960-இல் அசாம் அரசு அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கச் சட்டம் கொண்டுவந்தது. காசி, ஜைந்தியா, காரோ மக்களுக்கு அது தங்கள் மொழியல்ல. மலைத் தலைவர்கள் கட்சி வேறுபாடின்றி ஒன்றுகூடித் தனி மாநிலம் கேட்டார்கள். வங்காளம் பேசுபவர்கள் மிகுந்த, தெற்கு அசாமின் சில்சாரில் 1961 மே 19 அன்று மொழிப் போராட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 11 பேர் உயிரிழந்தார்கள். 1965-ஐக் கண்ட தமிழ்நாட்டுக்கு அந்த உணர்ச்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1970-இல் அசாமுக்குள்ளேயே தன்னாட்சி மாநிலமாகவும், 1972 ஜனவரி 21 அன்று முழு மாநிலமாகவும் மேகாலயா உருவானது. ஷில்லாங் காசி மலையில் இருப்பதால் அது இயல்பாகவே மேகாலயாவுக்குப் போனது. அதே நாளில்தான் மணிப்பூரும் திரிபுராவும் முழு மாநிலத் தகுதி பெற்றன. மூன்றுக்கும் ஒரே பிறந்தநாள் என்று நினைவில் வைக்கலாம்.

ஆக, நூறு ஆண்டுகளாக இருந்த தலைநகரை அசாம் இழந்தது. சிறிது காலம் ஒரே ஊரில் இரண்டு அரசுகள் இயங்கின. பிறகு 1973-இல் அசாமின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் குவாஹாத்தியின் ஒரு பகுதியான திஸ்பூருக்கு இறங்கி வந்தன. இதை மட்டும் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: திஸ்பூர் தனியாக ஒரு நகரம் அல்ல. சென்னைக்குள் ஒரு பேட்டை இருப்பதுபோல, குவாஹாத்திக்குள் திஸ்பூர். தேர்வில் எழுத வேண்டிய விடை திஸ்பூர். ரயில் டிக்கெட் எடுக்க வேண்டியது குவாஹாத்திக்கு.

குவாஹாத்தி, பிரம்மபுத்திராக் கரையில் காமாக்யா கோயில் குன்றோடு இருக்கும் பழைய ஊர். 1671-இல் அஹோம் தளபதி லாச்சித் பர்புகன் முகலாயப் படையைத் தோற்கடித்த சராய்காட் போர் நடந்தது இங்கேதான். ஆனால் அறுநூறு ஆண்டுகள் ஆண்ட அஹோம் அரசர்களின் தலைநகரங்கள் இங்கே இல்லை. சராய்தேவ், கர்கான், ரங்பூர் என்று எல்லாம் கிழக்கே, மேல் அசாமில். சராய்தேவில் உள்ள அரசர்களின் புதைமேடுகள் 2024-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்கள் ஆயின. பழைய பெரிய அசாமின் தடம் ஒன்று இன்னும் குவாஹாத்தியில் இருக்கிறது. அங்குள்ள உயர் நீதிமன்றம் அசாமுக்கு மட்டுமல்லாமல் நாகாலாந்து, மிசோரம், அருணாசலத்துக்கும் சேர்த்தது. மேகாலயா, மணிப்பூர், திரிபுரா மூன்றும் தனி உயர் நீதிமன்றம் பெற்றது 2013-இல்தான்.

அருணாசலப் பிரதேசம் வடகிழக்கிலேயே பரப்பில் பெரியது, 83,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தலைநகரங்களில் இளையது இட்டாநகர். வடகிழக்கு எல்லைப்புற முகமை என்ற பெயரில் இருந்தபோது இந்தப் பகுதி 1965 வரை வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தது. 1972-இல் பெயர் மாறி யூனியன் பிரதேசமானது. 1974-இல் ஷில்லாங்கிலிருந்து நிர்வாகம் இட்டாநகருக்கு வந்தது. அங்கே இருப்பது பழைய செங்கல் கோட்டை ஒன்று. இட்டா என்ற அந்தக் கோட்டையை வைத்துத்தான் ஊருக்கே பெயர்.

இவ்வளவு பெரிய மாநிலத்துக்கு, நடுவே ஓர் ஊரைப் பார்க்காமல் அசாம் எல்லையை ஒட்டி அடிவாரத்தில் ஏன் தலைநகர் வைத்தார்கள்? ஆறுகளைப் பாருங்கள். காமெங், சுபன்சிரி, சியாங், திபாங், லோஹித் எல்லாமே இமயத்திலிருந்து அசாம் சமவெளியை நோக்கி இறங்குகின்றன. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போக, நடுவிலுள்ள மலைமுகட்டை ஏறிக் கடப்பதைவிட அசாமுக்கு இறங்கி மறுபடி ஏறுவதுதான் நெடுங்காலம் சுலபமாக இருந்தது. அப்படிப்பட்ட நிலத்தில் எல்லோரும் வந்து சேரக்கூடிய இடம் அடிவாரம்தான். 2014-இல் பக்கத்து ஊரான நாகர்லகூன்வரை ரயில் வந்தது, 2022-இல் ஹொல்லோங்கியில் விமான நிலையம் திறந்தது.

ஐந்தில் கடைசி மிசோரம். இந்தக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மிசோ மலைகளில் ஒரு வகை மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூக்கும். அதன் விதையைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் அவை வயலிலும் களஞ்சியத்திலும் இறங்கும். மிசோக்கள் இதை மௌதாம் என்கிறார்கள். 1959-இல் அப்படி ஒரு பஞ்சம் வந்தது. வரப்போகிறது என்று மிசோக்கள் முன்கூட்டியே எச்சரித்தும் அரசு உரிய நேரத்தில் அசையவில்லை. நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பு 1961-இல் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் இயக்கமானது. 1966-இல் கிளர்ச்சி வெடித்தது. அந்த மார்ச் மாதத்தில் அய்சால்மீது இந்திய விமானப் படை குண்டு வீசியது. சொந்த நாட்டின் ஊர் ஒன்றின்மீது சொந்த விமானப் படை நடத்திய தாக்குதல் அது. நம் பாடநூல்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு 1986 ஜூன் 30 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரமும் அருணாசலமும் முழு மாநிலங்கள் ஆயின. கிளர்ச்சியை நடத்திய லால்டெங்காவே முதலமைச்சர் ஆனார். அந்த அமைதி இன்றுவரை நிலைத்திருக்கிறது. அய்சால் 1890-இல் ஆங்கிலேயர் கோட்டை கட்டிய மலைமுகட்டில் வளர்ந்த ஊர். சமதளம் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. சரிவில் தூண்களை ஊன்றி வீடு கட்டியிருப்பார்கள். தெருவிலிருந்து நேராக மேல்மாடிக்குள் நுழைந்து, கீழே இறங்கிப் படுக்கையறைக்குப் போக வேண்டியிருக்கும். 2025 செப்டம்பரில் பக்கத்திலுள்ள சைராங்வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. அத்தனை சுரங்கங்களும் பாலங்களும் கடந்து ரயில் அங்கே வந்து சேர, நாடு விடுதலை பெற்று 78 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இனி மன்னராட்சிகள். இவற்றின் தலைநகரங்களை யாரும் புதிதாகத் தேடவில்லை, அரண்மனை இருந்த ஊரே தலைநகரானது.

இம்பாலின் நடுவே காங்லா கோட்டை. மணிப்பூர் அரசர்களின் இருக்கை. 1891 போரில் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினார்கள். விடுதலைக்குப் பிறகும் அசாம் ரைஃபிள்ஸ் படையிடமே இருந்தது, 2004-இல்தான் மக்களிடம் திரும்பியது. கோட்டைக்குப் பக்கத்தில் இமா கெய்தேல் என்ற சந்தை. ஆயிரக்கணக்கான கடைகள், விற்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். காய்கறி, கருவாடு, கைத்தறி எல்லாம் கிடைக்கும். இம்பால் பள்ளத்தாக்கு மாநிலப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அங்கே. சமவெளியில் மெய்தெய் மக்கள், சுற்றியுள்ள மலைகளில் நாகா, குக்கி இனத்தவர். நிலம், அதிகாரம், ஒதுக்கீடு பற்றிய தகராறுகளின் அடியில் இந்த அமைப்பு இருக்கிறது. 2023 மே மாதம் தொடங்கிய வன்முறைச் செய்திகளைப் புரிந்துகொள்ளவும் முதலில் இந்த வரைபடம் வேண்டும்.

மணிப்பூரில் நமக்கு ஓர் உறவும் உண்டு. இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில், மியான்மர் எல்லையில், மோரே என்ற ஊர். 1960-களில் பர்மாவின் ராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியதும் தமிழர்கள் பெருந்தொகையாகக் கிளம்பி வந்தார்கள். அவர்களில் சிலர் மறுபடி பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று தரைவழியாகப் போய், எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்காளபரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். கடையில் மணிப்புரி, வீட்டில் தமிழ் என்று வாழ்கிறார்கள்.

திரிபுராவை மாணிக்ய வம்சம் ஆண்டது. பழைய தலைநகர் திரிபுராவிலேயே உள்ள உதய்பூர். 1838-இல் இன்றைய அகர்தலாவுக்கு வந்தார்கள். 1897 நிலநடுக்கத்தில் அரண்மனை சிதைந்ததால் 1901-இல் கட்டி முடித்தது இன்றுள்ள உஜ்ஜயந்தா அரண்மனை. இப்போது அது அருங்காட்சியகம். (அதே நிலநடுக்கம் ஷில்லாங்கையும் தரைமட்டமாக்கியது. கல் வீடுகளை விட்டு, நாணல் தட்டியில் மண் பூசிய மெல்லிய சுவரும் தகரக் கூரையுமாக அங்கே வீடு கட்டும் வழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான்.) அகர்தலா வங்கதேச எல்லையை ஒட்டியே இருக்கிறது. திரிபுரா அரசர்களுக்கு இன்றைய வங்கதேசத்தின் கொமில்லா பக்கத்துச் சமவெளியில் பெரிய நிலவருவாய் இருந்ததால், அந்தக் காலத்தில் அது வசதியான இடம். 1947-க்குப் பிறகு தலைகீழ். இந்திய நிலத்தின் வழியாகவே கொல்கத்தாவுக்குப் போவதென்றால் சுமார் 1,600 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். வங்கதேசம் வழியாகப் போனால் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

சிக்கிம் மற்ற ஏழோடும் எல்லை சேராதது. அதன் அரசர்கள் 1642-இல் யுக்சோமில் முடிசூடி, பிறகு ரப்டென்ட்சேவுக்குப் போனார்கள். அங்கே நேபாள கூர்க்காப் படைகளின் தாக்குதல் தாங்காமல், திபெத் பக்கம் நெருங்கி தும்லாங்குக்கு நகர்ந்தார்கள். 1894-இல் காங்டாக் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆங்கிலேய அரசியல் அதிகாரி காங்டாக்கில் உட்கார்ந்திருந்தார். அரசர் யாருடைய பிடியில் இருந்தார் என்பது இதிலிருந்தே தெரியும். 1975 மே 16 அன்று சிக்கிம் இந்தியாவின் 22-ஆவது மாநிலமானது. வடகிழக்கு மாநிலங்களின் வளர்ச்சிக்கான அமைப்பான வடகிழக்குக் கவுன்சிலில் அது சேர்ந்தது 2002-இல். மற்ற ஏழு மாநிலங்களையும் சேர்த்துச் சொல்லும் 'ஏழு சகோதரிகள்' என்ற பட்டியலில் சிக்கிம் இல்லை. பழைய பொது அறிவுப் புத்தகங்களில் வடகிழக்கு மாநிலங்கள் ஏழு என்று இருந்தால் குழம்ப வேண்டாம். இந்தக் கவுன்சிலின் தலைமையிடம் எங்கே என்றால், ஷில்லாங்.

நேரில் போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் வெளிமாநிலத்தவர் உள்நுழைவு அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும். 1873-இல் ஆங்கிலேயர் போட்ட விதியிலிருந்து வந்த ஏற்பாடு; மணிப்பூர் இதில் சேர்ந்தது 2019 டிசம்பரில். அசாம், மேகாலயா, திரிபுராவுக்கு இந்தச் சீட்டு தேவையில்லை. காங்டாக்குக்கும் இந்தியர்களுக்குத் தேவையில்லை, ஆனால் அங்கிருந்து நாதுலா கணவாய்க்குப் போக அனுமதி வாங்கியாக வேண்டும். அப்புறம், நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்பதால் அங்கே சூரியன் நமக்கு முன்பே எழுந்து முன்பே மறைந்துவிடும். அசாமின் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து வேலை நடக்கிறது. குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும், மலை ஊர்களில் கடைகளும் சீக்கிரம் மூடும். மலைப் பாதையில் போக வேண்டிய பயணத்தை விடிந்ததுமே தொடங்கிவிடுங்கள்.